முரண்டு பிடிக்கும் தட்டு

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் டிஸ்க் கோல்ஃப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்தேன். பக்கம் முடிக்கும் நாளின் அவசரம். 'ஓவர்ஸ்டேபிள்' என்று ஒரு சொல் வந்தது. 'மிக உறுதியான தட்டு' என்று எழுதினேன். அடுத்து 'அண்டர்ஸ்டேபிள்'. 'உறுதியற்ற தட்டு' என்றேன். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? கட்டுரை அச்சேறியது. மறுத்து ஒருவர்கூடக் கடிதம் எழுதவில்லை. எழுதாததால் சரி என்றே இருந்துவிட்டேன்.

2023 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் தம்பி வீட்டுக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது.

பசடேனாவுக்கு அருகே, நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தை ஒட்டி, ஓக் மரங்கள் அடர்ந்த ஒரு பூங்கா. 1975இல் எட் ஹெட்ரிக் இங்கே அமைத்ததுதான் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானமாகக் கருதப்படுகிறது. ஃபிரிஸ்பீயின் வடிவத்தைச் செப்பனிட்டுக் காப்புரிமை பெற்றவர் அவர். 2002இல் அவர் இறந்தபின் அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். அஸ்தியைச் சுமந்துகொண்டு ராமேஸ்வரம் போகிற ஊரிலிருந்து வந்த எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் படவில்லை.

ஆட்டம் எளிது. குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் கூடை. குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடையில் சேர்ப்பவர் வென்றார். தம்பியின் பையில் பதினைந்து தட்டுகளாவது இருந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. "விளிம்பைத் தடவிப் பாரு அக்கா" என்றான். டிரைவரின் விளிம்பு அகலமாக, கூராக இருந்தது. தூரம் போவதற்கு அது. பட்டரின் விளிம்பு மொண்ணை. மெதுவாக, நேராகப் போய்க் கூடையில் விழ. இரண்டுக்கும் நடுவே மிட்ரேஞ்ச்.

பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள்: வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சாய்வு. வேகம் 12 என்றால் தட்டு நமக்குத் தரும் வேகம் அல்ல. நம் கையிடம் அது கேட்கும் வேகம். கேட்டது கிடைக்காவிட்டால் பாதியிலேயே சாய்ந்துவிடும்.

"இருக்கிறதிலேயே உறுதியானதைக் கொடு" என்றேன். என் மொழிபெயர்ப்பை நான் நம்பினேன். ஓவர்ஸ்டேபிள் டிரைவர் ஒன்றைக் கொடுத்தான். மூன்று முறை வீசினேன். மூன்று முறையும் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கப் புதரில் விழுந்தது.

"நீ கேட்டதைத்தான் கொடுத்தேன். இது சொன்ன பேச்சு கேட்காது."

பிறகு வேகம் 6 போட்ட அண்டர்ஸ்டேபிள் தட்டைக் கொடுத்தான். என் பாஷையில் 'உறுதியற்ற தட்டு'. அது இரண்டு மரங்களுக்கு நடுவே நேராகப் போய்ப் பாதையிலேயே இறங்கியது. தம்பி கைதட்டினான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் கட்டுரையை நம்பி யாராவது 'மிக உறுதியான' தட்டைக் காசு கொடுத்து வாங்கி, நமக்கு இந்த ஆட்டம் வராது என்று மூலையில் போட்டிருந்தால்?

விஷயம் இதுதான். வலக்கைக்காரர் இடத்தோள் பக்கமிருந்து புறங்கையால் வீசும்போது, வேகம் இருக்கும்வரை தட்டு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். ஓவர்ஸ்டேபிள் தட்டு வலப்பக்கம் திரும்ப மறுக்கும். முடிவில் பலமாக இடப்பக்கம் இழுக்கும். அண்டர்ஸ்டேபிள் தட்டு எளிதாகத் திரும்பும். வேகமில்லாத கைக்கு நேராகப் போகும். எதிர்க்காற்று எந்தத் தட்டையும் கூடுதலாகத் திருப்பிவிடும். அப்போது ஓவர்ஸ்டேபிள்தான் கைகொடுக்கும். பாதை இடப்பக்கம் வளைந்தாலும் அதுதான்.

'இடம் இழுக்கும் தட்டு', 'வலம் திரும்பும் தட்டு' என்று மாற்றிவிடலாமே என்று நினைத்தேன். அதற்குள் தம்பி வீசினான். அவன் இடக்கைக்காரன். என் இடம் அவனுக்கு வலம். அந்தச் சொற்களும் போயின.

அவனுடைய பையில் ஒரே ரகத்தில் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்று புதிது, ஒன்று கொஞ்சம் அடிபட்டது, ஒன்று மரங்களில் மோதி மோதிக் கிழடு தட்டியது. "புதுசுல முரண்டு பிடிக்கும். அடிபட அடிபட வளைஞ்சு கொடுக்கும். அதனால பழசைத் தூக்கிப் போடறதில்லை" என்றான். வேலைக்காக வீட்டைவிட்டு வந்து இருபது வருஷம் ஆனவன். அவன் தமிழில் அந்த இரண்டு சொற்களும் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தன. அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கிடைக்காத சொற்கள்.

ஆகவே திருத்தம். ஓவர்ஸ்டேபிள் என்பது முரண்டு பிடிக்கும் தட்டு. அண்டர்ஸ்டேபிள் என்பது வளைந்து கொடுக்கும் தட்டு. புதிதாக ஆடுபவர்கள் ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், வளைந்து கொடுக்கும் வேகம் குறைந்த டிரைவர் ஒன்று என்று தொடங்கினால் போதும். முரண்டு பிடிப்பதை, கையில் வேகம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

இதிலும் தவறு இருந்தால், தயவுசெய்து இந்த முறையாவது கடிதம் எழுதுங்கள்.