வாலாஜாபேட்டைச் சுவடி

ஏப்ரல் 19

ஒரு மாதமாக வேறு எதையும் கேட்கவில்லை, கர்நாடக சங்கீத வித்வான் எம். டி. ராமநாதன்தான். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்குப் பாட்டு கேட்கக் கிடைப்பது பஸ்ஸில் போகிற நேரமும் வருகிற நேரமும்தான். அவர் கீழே இறங்கிப் பாடும்போதெல்லாம் எஞ்சின் சத்தம் குரலை விழுங்கிவிடுகிறது. அந்த இடங்களை மனதில் குறித்துக்கொண்டு, காவேரிப்பாக்கத்தில் இறங்கி நடக்கும்போது திரும்பப் போட்டுக் கேட்கிறேன். ஒரு சொல்லைப் பாடிவிட்டு, அது அடங்கட்டும் என்று விட்டுவைக்கிறார். கம்பெனியில் காலையிலிருந்து டிரம் சுற்றுகிறது. உள்ளே தோல் மேலேறித் தொப்பென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது, விழுகிறது. நாள் பூராவும் காதில் விழும் அந்தத் தாளத்துக்குப் பிறகு இந்த நிதானம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 23

சாப்பாட்டு நேரத்தில், மேல்விஷாரத்திலிருந்து வரும் நண்பர் நாகூர் ஹனீபாவின் பழைய பாட்டுகளை வைத்தார். 2015-இல் மறைந்தவர். அந்தக் குரலுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை. இஸ்லாமியப் பாடல்களையும் தி.மு.க. மேடைப் பாடல்களையும் ஒரே தொண்டையில் பாடியவர், எதிரே நிற்கும் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று பாடியவர். ராமநாதனுக்கு நேர் எதிர். இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 27

பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம். பகலில் ஆர்மோனியத்தோடு பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. நேற்று கர்ண மோட்சம். பத்து மணிக்குப் போனவன் விடிந்துதான் வந்தேன்.

கர்ணன் போருக்குப் புறப்படும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம். தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், அவ்வளவு பாரத்தையும் சுமந்து கிறுகிறுவென்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் உச்சத்தில் பாட்டை எடுத்தார் அந்தக் கலைஞர். பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முகவீணை அவர்களுக்கும் மேலே போனது. நாதஸ்வரத்தைவிடக் குட்டையான குழல், சத்தமோ ஈட்டிபோல. ஊருக்கு வெளியே கழனி வரப்பில் நின்று கேட்டுப் பார்த்தேன். ஒரு சொல் சிதையாமல் வந்தது. மைக் வருவதற்கு முன்னால் திறந்தவெளியில் விடிய விடியப் பாடியவர்கள் ஏன் இந்தச் சுருதியைப் பிடித்தார்கள் என்பது வரப்பில் நின்றால்தான் புரிகிறது. இதைக் 'கத்தல்' என்று சொல்பவர்கள்மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

பிரசங்கம் செய்பவர் மடியில் ஓரம் கிழிந்த நோட்டு ஒன்று இருந்தது. குருவின் கையெழுத்தாம். யாரையும் தொட விடுவதில்லை.

மே 4

இன்று தியாகராஜர் பிறந்த நாள் (1767). ராமநாதன் பாடக் கேட்ட கீர்த்தனைகளில் பாதிக்குமேல் அவருடையவை. இத்தனை நாளும் அது காவிரிக்கரைச் சங்கதி, நம் பாலாற்றுப் பக்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று நினைத்திருந்தேன். தினமும் நான் பஸ்ஸில் தாண்டிப் போகிற வாலாஜாபேட்டைக்குத்தான் சம்பந்தம்.

வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874). சௌராஷ்டிரர். தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையில் இருந்தபோது திருவையாற்றில் தியாகராஜரிடம் பாடம் கேட்டார். குருவின் பூஜைக்குத் தினமும் துளசி கொண்டுபோய்க் கொடுப்பாராம். பிறகு வாலாஜாபேட்டையில் குடியேறி, குருவின் கீர்த்தனைகளை ஓலையிலும் காகிதத்திலும் எழுதி வைத்தார். அந்தச் சுவடிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜரின் சீடர் பரம்பரைகளை மூன்றாகச் சொல்வார்கள்: உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை. முதல் இரண்டும் காவிரி நாட்டு ஊர்கள். மூன்றாவது நம்முடையது. மைசூர் அரண்மனை வித்வான் சதாசிவ ராவும் இந்தப் பாகவதரின் சீடர்தான்.

வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பாட்டில் தெலுங்கு. அந்த மனிதர் உட்கார்ந்து, பாடம் வாங்கியதை வரி வரியாக எழுதும் காட்சி கண்ணிலேயே நிற்கிறது. குரு 1847-இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் இவர் 27 வருஷம் இருந்தார். காதில் அந்தக் குரல் இருக்கும்போதே கையும் எழுதியிருக்கிறது.

மே 11

சாயங்காலம் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். மூன்றாம் நந்திவர்மன் வெட்டிய ஏரி என்பார்கள், ஒன்பதாம் நூற்றாண்டு. இப்போது நடுவில்தான் கொஞ்சம் தண்ணீர். மழைக்காலத்தில் பாலாற்று வெள்ளம் வாலாஜா அணைக்கட்டில் தடுக்கப்பட்டுக் கால்வாய் வழியாக இங்கே வரும். பாகவதர் உயிரோடு இருந்த காலத்தில் கட்டிய அணைக்கட்டு அது. தண்ணீர் வரும் வழி எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் தங்கி நின்ற பாட்டை மட்டும் நான் இத்தனை வயதுக்குப் பிறகு கேள்விப்படுகிறேன்.

மே 18

புது நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நடவுப் பாட்டை எழுதிக்கொள்ள. அந்தக் காலத்தில் ஏரிப் பாசனக் கழனிகளில் முதல் வரியைப் பெரியம்மாதான் எடுக்கும். இருபது பெண்கள் திருப்பிப் பாடுவார்கள்.

"இன்னாத்துக்குடா இதெல்லாம் எழுதிக்கினு?" என்றது.

வாலாஜாபேட்டைக்காரர் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டது. பிறகு பாட ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தது, அதே இடத்தில் நின்றது. கையைப் பார்த்துக்கொண்டது.

"குந்திக்கினு பாடுனா வரமாட்டேங்குதுடா. குனிஞ்சி நாத்த எடுத்து ஊனுனா தானா வரும். ஏரில தண்ணி வரட்டும். நாத்து நடச்சொல்ல வா."

நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது ஒன்றரை வரி இருக்கிறது. அதற்குக் கீழே, 'நடவு, பெரியம்மா' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.