வெடிக்கல தாத்தா

என் குடையை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுத்தேன். "அன்னைக்கு எப்படிப் பிடிச்சியோ அப்படியே பிடிச்சுக் காட்டு."

2007 கார்த்திகை. தீபத்துக்கு நாலு நாள் இருந்தது. மாட வீதிகளில் ஆள் நடக்க இடமில்லை. என் அலுவலகத்து மாடியில் தாத்தா, பேரன், பையனின் அம்மா மூவரும் மழையில் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குப் பதினான்கு வயது. எழுந்து குடையைத் தோளில் சேர்த்து, ஒரு கண்ணை மூடி, சட்டப் புத்தக அலமாரியைக் குறி பார்த்தான். விரலை மடக்கினான். "கேப்பு மட்டும் பட்டுனு போச்சு சார். நான் திரும்பி, 'வெடிக்கல தாத்தா'ன்னு சொன்னேன்."

சொன்னபடியே திரும்பினான். குடையும் கூடவே திரும்பியது. அதன் முனை குமாஸ்தாவைக் கடந்து என் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. குமாஸ்தா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வழக்கு எனக்கு அந்த இடத்தில் புரிந்தது. கட்டு முழுக்கப் படித்தபோதுகூடப் புரியவில்லை.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. பிடுங்கும் பருவத்தில் ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் விடியும்போது வயல் உழுது போட்ட மாதிரி கிடக்கும். தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. உரிமப் புத்தகத்தில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். குழல் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கடைசியில் கேப்பை மாட்ட வேண்டும். ஒரு முறை சுட இவ்வளவு வேலை. மழைக்காலத்தில் மருந்து ஈரம் வாங்கிவிடும். கேப்பு பொரிந்தாலும் நெருப்பு மருந்தைச் சேர ஒன்றிரண்டு விநாடி ஆகலாம், சிலசமயம் அதற்கு மேலும். பையன் திரும்பியது அந்த இடைவெளியில்தான். டார்ச் அடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் முழங்காலுக்குள் மூன்று பால்ரஸ் போனது.

மருத்துவமனையில் சித்தப்பா "கொல்லையில கம்பி குத்திடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். எக்ஸ்ரேவில் மூன்று உருண்டை பளிச்சென்று தெரிந்ததும் போலீஸுக்குத் தகவல் போனது.

பையன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்தில் சீக்கிரமே முடிந்தது. அறிவுரை சொல்லி அம்மாவோடு அனுப்பிவிட்டார்கள். சிக்கல் தாத்தாவுக்குத்தான். கவனக்குறைவால் கொடுங்காயம் என்று இ.த.ச. 338, இன்றைக்கு பி.என்.எஸ். 125-க்குள் வருவது. அதோடு ஆயுதச் சட்டப் பிரிவுகள். 338-ஐ, காயம்பட்டவர் சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால், சமாதானமாக முடிக்கலாம். சித்தப்பா எப்போது வேண்டுமானாலும் கையெழுத்துப் போடத் தயார். ஆயுதச் சட்டத்தில் சமாதானத்துக்கு இடமே இல்லை.

1959 ஆயுதச் சட்டத்தின்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் பயிற்சிக்கு ஒரு விலக்கு உண்டு. 12 வயதுக்குக் குறையாதவர், உரிமதாரரோ பயிற்சி கொடுப்பவரோ பக்கத்திலேயே நின்று கண்காணிக்க, சுடப் பழகலாம். இதைப் பிடித்துக்கொண்டேன். தாத்தா உரிமதாரர், பக்கத்தில்தான் நின்றார், பேரனுக்குப் பழக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1991 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குச் சட்டத்தில் முறையான அனுமதி இல்லாமல் பன்றியைச் சுடக் கூடாது, சுட முயன்றாலும் அது வேட்டைதான். ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி கொடுக்கிறது, இன்னொரு சட்டம் பன்றியைத் தொடாதே என்கிறது. அதனால் 'பழக்கினேன்' என்று கிழவர் சொல்லலாம், 'எதைச் சுட' என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. நான் சொல்லிக் கொடுத்ததும் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இளம் வேட்டைக்காரர்களுக்கென்றே பாதுகாப்பு வகுப்புகள் இருக்கின்றன. 1949-லேயே நியூயார்க் மாநிலம் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. துப்பாக்கி வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி காத்திரு என்பது அங்கே ஆரம்பப் பாடம். நம் மலையோரத்தில் இந்தப் பாடத்தைச் சொல்ல வேண்டியவர்கள் அப்பனும் தாத்தாவும்தான். வெளியே சொன்னால் கைதாவோம் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயும் அதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

விசாரணையில் சாட்சிகள் முடிந்து, குற்றம்சாட்டப்பட்டவரிடம் நீதிமன்றம் நேராகக் கேட்கும் 313 கேள்விக்குத் தாத்தா எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தேன், பழக்கினேன் என்று நான் சொல்லிக் கொடுத்தபடி பிசகாமல் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. என்னைப் பார்த்துச் சிரித்தார். நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "குழல் திரும்புறதைப் பார்த்தீங்களா பெரியவரே?" என்றார்.

"எங்க சாமி பாக்கறது. ரெண்டு கண்லயும் புரை. பகல்லயே மங்கலாத்தான் தெரியும். அதனாலதான் அவன்கிட்ட குடுத்தேன். சத்தம்தான் கேட்டுது."

"வெடிக்கலன்னா என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

"வெடிக்கலன்னா எங்கிட்ட சொல்லுடான்னு சொல்லியிருந்தேன்."

பையன் அதைத்தானே செய்தான். என் வாதத்தில் அதன் பிறகு ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கோபம் வந்தது, உண்மைதான். வெளியே அழைத்து வந்து, "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கண்ணைப் பத்திக் கேக்கவே இல்லையே ஐயா" என்றார். கேட்கவில்லைதான். எதிரே உட்கார்ந்து வக்காலத்தில் கைநாட்டு வைத்தபோது விரலைத் தடவித் தடவித்தான் வைத்தார். அது என் கண்ணில் பட்டும் உறைக்கவில்லை.

தீர்ப்பு கடுமையாக இல்லை. 338 சமாதானத்தில் போனது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொன்ன குற்றச்சாட்டுக்கு மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும். அது கட்டில் இல்லாததால் அந்தக் குற்றச்சாட்டும் நிற்கவில்லை. உரிம நிபந்தனையை மீறி இன்னொருவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததற்கு, 30-ஆம் பிரிவில் அபராதம் மட்டும். உரிமம் ரத்தானது. துப்பாக்கியை அரசு எடுத்துக்கொண்டது. சித்தப்பா முழங்காலில் ஒரு உருண்டை எடுக்க முடியாமலே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி ஏறியதும் தெருவே அரோகரா என்று அதிர்ந்தது. மாடிப்படியில் யாரோ ஒரு காலை இழுத்து இழுத்து ஏறி வரும் சத்தம். சித்தப்பாதான். கையில் மஞ்சள் பை. அதில் அவித்த மல்லாட்டை, இரண்டு படி இருக்கும்.

"இந்த வருஷம் பன்னி தின்னது போக மிச்சம் இவ்ளோதான் வக்கீலய்யா" என்றார். பையன் பத்தாவது படிப்பதாகச் சொன்னார். தாத்தாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டதாம்.

"ராத்திரி காவலுக்கு யார் போறா?"

"அவருதான். தகரத்தைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."