தேவாரத்துக் கப்பல்காரர்

எங்கள் ஊரில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்றைக்கு மிகக் குறைவு. மேற்கே மலை, அதில் சாக்குலூத்து மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பாதை. கிழக்கே மானாவாரிக் காடு. அப்படிப்பட்ட ஊரில் என் அப்பத்தாவின் தம்பிக்குக் 'கப்பல்காரர்' என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

பீடியின் நெருப்பு முனையை அவர் உள்ளங்கைக்குள் மறைத்துத்தான் குடிப்பார். திண்ணையில், பட்டப்பகலில்கூட அப்படித்தான். விரல் இடுக்கெல்லாம் பழுப்பேறிக் காய்த்திருக்கும். ஏன் தாத்தா என்று கேட்டால், "கான்வாய்ல ராத்திரி ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சாப் போதும் பேராண்டி, அம்புட்டுப் பேருக்கும் சாவுதான்" என்பார். கான்வாய் என்றால் என்ன என்பதற்கும் அவரே விளக்கம் வைத்திருந்தார். "சந்தைக்கு ராவோட ராவா வரிசையா வண்டி கட்டிப் போவம்ல, அதுதான். நொண்டி மாடு பூட்டுன வண்டி போற வேகந்தான் எல்லாருக்கும் வேகம்."

1942-இன் தொடக்கத்தில் போடியில் ரயிலேறி மதுரைக்குப் போய், ராயல் இந்தியன் நேவியில் சேர்ந்திருக்கிறார். போர் தொடங்கியபோது அந்தப் படையில் மாலுமிகள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. முடியும்போது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். உழவு மாட்டை விட்டுவிட்டு வந்தவர்களும், மெட்ரிக் பாதியில் நின்றவர்களும் அதில் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசியும் பர்மா எண்ணெயும் ஒரே அடியில் நின்றன. ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன, சென்னைப் பட்டணம் பாதி காலியானது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் என்றால் பாரசீக வளைகுடாவின் அபாதானிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்த எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் போனவற்றில் நம் சிறு கப்பல்களும் இருந்தன. எங்கள் அப்பத்தா ஒரு சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு அறைக்கு ஓடிய கதையைச் சொல்வாள். அந்த விளக்கின் எண்ணெய்க்குத் தன் தம்பி காவல் நின்றான் என்பது அவளுக்குத் தெரியுமா தெரியாதா, நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் போன போடி ரயிலும் அதே ஆண்டு நின்றது. 1928-இல் வந்த பாதை. போர்த் தேவைக்கென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1946-இல் திரும்பி வந்தவருக்கு மதுரையிலிருந்து ரயில் இல்லை. ஐம்பதுகளில்தான் மறுபடி இரும்பு போட்டார்கள்.

தாத்தா இருந்தது 'ஜும்னா' கப்பலில், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. 1944 பிப்ரவரி 11 அன்று கொழும்பிலிருந்து கல்கத்தா போன ஒரு கான்வாயை விசாகப்பட்டினத்துக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. ஒரு சரக்குக் கப்பலுக்கு அடி. ஜும்னாவும், ஆஸ்திரேலியாவின் லான்செஸ்டன், இப்ஸ்விச் கப்பல்களும் ஒலியலையால் தேடிப் பிடித்து ஆழ்கடல் வெடிகளைப் போட்டன, ஆர்.ஓ. 110 என்ற அந்த நீர்மூழ்கி மேலே வரவேயில்லை. இதைச் சொல்லும்போது தாத்தா குரலில் வெற்றிக் களிப்பு இருக்காது. "உள்ளயும் நம்ம வயசுப் பயலுகதான்டா" என்பார்.

ஆனால் அவர் உயிரைக் கொடுத்துச் சொல்லும் கதை அவர் இல்லாத சண்டை ஒன்றைப் பற்றியது. 1942 நவம்பர் 11. 'பெங்கால்' என்ற சின்னக் கப்பல், சிட்னியில் கட்டிப் புதிதாய் வந்தது, எடை 650 டன் அளவுதான். நாலு அங்குலப் பீரங்கி வைக்க வேண்டிய இடத்தில் அதைவிடச் சிறியதைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலோடு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டிலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. பெங்காலின் தளபதி வில்சன், ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தன் கப்பலை எதிரிக்கு நேராகத் திருப்பினார். ஒண்டினாவும் ஓடாமல் தன் ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. யார் போட்ட குண்டு என்று இன்றுவரை வழக்கு உண்டு. தாத்தாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. குண்டு தீர்ந்துவரும் நிலையில் பெங்கால் புகைத்திரை போட்டு விலகியது. ஒண்டினாவின் கேப்டன் ஹோர்ஸ்மன் இறந்தார், படகில் இறங்கியவர்களையும் சுட்டார்கள். மிஞ்சியவர்கள் மறுபடி கப்பலில் ஏறி, தீயணைத்து, ஃப்ரீமான்டிலுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். பெங்காலும் பிழைத்தது. அது போயிருக்கும் என்று இதுவும், இது போயிருக்கும் என்று அதுவும் நினைத்தபடியே இரண்டும் கரை சேர்ந்தன.

பாடப் புத்தகத்தில் இந்தப் படையைப் பற்றி நான் படித்தது 1946 பிப்ரவரி பம்பாய் எழுச்சி ஒன்றுதான். அது பெருமைக்குரியது, மறுக்கவில்லை. அதற்கு முந்தைய நாலைந்து வருஷம் ராத்தூக்கம் இல்லாமல் சரக்குக் கப்பல்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்தவர்களுக்கும் ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

கராச்சியில் பயிற்சியின்போது தாத்தாவுக்கு ஒரு பஞ்சாபி முஸ்லிம் சிநேகிதர் வாய்த்தார். அவருக்குக் 'கோதாவரி' கப்பல். 1944 ஆகஸ்டில் சீஷெல்ஸ் பக்கம் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கியை மூழ்கடித்ததில் அதற்குப் பங்குண்டு. நாடு பிரிந்தபோது ஆற்றுப் பெயர் வைத்த கப்பல்களையும் பிரித்தார்கள். ஜும்னா, சட்லெஜ், கிஸ்த்னா, காவேரி இந்தியாவுக்கு. நர்படாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்கு. கோதாவரிக்குச் 'சிந்து' என்று பெயர் மாறியது. கராச்சியிலிருந்து சில வருஷம் கடிதம் வந்ததாம். 1965 போருக்குப் பிறகு அதுவும் இல்லை.

1971 டிசம்பரில் கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிய சேதி வந்த நாளில் தேவாரம் டீக்கடையில் ஒரே ஆரவாரம். பத்து வயதுப் பையனான நான்தான் அன்று தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்தேன். கூட்டம் கலைந்தபின் மெல்லக் கேட்டார்: "சிந்துன்னு ஒரு கப்பல் பேரு போட்டிருக்கானா பாரு." இல்லை தாத்தா என்றேன். அந்தக் கப்பல் அதற்கு முன்பே உடைத்து விற்கப்பட்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. பீடியைக் கைமாற்றிக்கொண்டு, "அடுத்த பக்கத்துலயும் பாருப்பா" என்றார்.