கடல் உள்வாங்கும் நேரம்

வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றி, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, கடலோரக் கிராமங்களுக்கு விடுமுறைக்குச் செல்லும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் இப்படிப்பட்ட கேரவன் வண்டிகளை நிறுத்துவதற்கென்றே கடற்கரைகளில் இடம் ஒதுக்கியிருப்பார்கள். படுக்கை, அடுப்பு, சிறிய மேசை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். பிடித்த இடத்தில் தங்கலாம். அலுத்துவிட்டால் அடுத்த கடற்கரைக்குப் போகலாம். நம் நாட்டில் அப்படிக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் சாலையே முடிந்துவிடும்!

அதற்காக, கடலோரக் கிராமத்தில் ஓர் இரவைக் கழிக்கும் இன்பம் நமக்குக் கிடைக்காது என்று எண்ண வேண்டாம். சாங்கி முனையிலிருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் சென்றால் புலாவ் உபின் வந்துவிடும். அங்கே ஜெலுத்தோங், மாமாம் போன்ற இடங்களில் கூடாரம் அடித்துத் தங்கலாம். நம் கேரவன் என்பது முதுகில் சுமந்து செல்லும் கூடாரம்தான்.

கடந்த ஜூன் விடுமுறையில் நாங்கள் நால்வரும் அங்குப் போனோம்: நான், என் கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன், எழுபத்தொரு வயதான என் அம்மா. அம்மாவைக் கூடாரத்தில் தங்கவைப்பதா என்று உறவினர்கள் தயங்கினார்கள். அம்மா தயங்கவில்லை. முதல் நாளே தேக்காவுக்குப் போய், ஓர் இரவு தாங்கக்கூடிய புளியோதரைக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் வாங்கி வந்துவிட்டார்.

ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடத்தில் ஏன் தங்க வேண்டும்? செக் ஜாவா என்னும் கடற்கரைக்காகத்தான். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் அந்தக் கரையைக் கடல் உள்வாங்கியிருக்கும்போது பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். நீர்மட்டம் அரை மீட்டருக்கும் கீழே இறங்கினால் மிகவும் நல்லது. அந்த நேரம் நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் தள்ளிப்போகும். சில மாதங்களில் அது விடியற்காலையில் வரும். சில மாதங்களில் மாலையில் வரும். நம் வசதிக்கு அது காத்திருக்காது. நாங்கள் தேர்ந்தெடுத்த நாளில் காலை ஒன்பது மணியளவில் நீர் 0.4 மீட்டருக்கு இறங்கும் என்று அட்டவணை காட்டியது. செக் ஜாவாவின் வாயில் 8.30 மணிக்குத் திறக்கும். முந்தைய நாளே தீவுக்குப் போய்விட்டால் படகுக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

படகும் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பம்போட் எனப்படும் அந்தச் சிறிய மரப்படகு, பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் புறப்படும். சேராவிட்டால் மீதமுள்ள இருக்கைகளுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போகலாம். நாங்கள் காத்திருந்தோம். பெருவிரைவு ரயில் மூன்று நிமிடம் தாமதமானாலே பெருமூச்சு விடும் என் மகன், இருபது நிமிடம் பலகையில் உட்கார்ந்திருந்தான். அந்த இருபது நிமிடத்தையும் விடுமுறையின் பகுதியாகவே நான் கணக்கிடுகிறேன்.

உபின் என்ற பெயர் 'ஜூபின்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அது கருங்கல்லைக் குறிக்கும். தீவே கருங்கல்லால் ஆனது. பெட்ரா பிராங்காவில் 1850, 1851 ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. கல் எடுத்த பள்ளங்களில் இன்று நீர் நிறைந்து, அவை ஏரிகளைப் போலக் காட்சியளிக்கின்றன. படகுத்துறையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் பெக்கான் கல்குழியில், நீர் நடுவே நிற்கும் மரங்களில் நாரைகள் அமர்ந்திருந்தன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவில் இப்போது சில பத்துப் பேர்தாம் குடியிருக்கிறார்கள். கம்பத்து வீடுகளின் வாசலில் மிதிவண்டிகளை அடுக்கி வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். இளநீரும் கிடைக்கிறது.

தீவைப் பற்றிய கதை ஒன்றும் உண்டு. தவளை, பன்றி, யானை ஆகிய மூன்றும் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர்க் கரைக்கு நீந்திச் செல்லப் போட்டியிட்டனவாம். தோற்பவர் கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே கரை சேரவில்லை. பன்றியும் யானையும் உபினின் இரு பாதிகளாயின. இடையே ஓடுகிறது ஜெலுத்தோங் ஆறு. தவளை, செக் ஜாவாவுக்கு எதிரே 'தவளைத் தீவு' என்னும் புலாவ் செகுடுவாகக் கிடக்கிறது. கதையில் வரும் பன்றி கல்லாகிவிட்டாலும், அதன் சொந்தக்காரர்கள் இன்னும் தீவில் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறார்கள். அன்று மாலை காட்டுப்பன்றி ஒன்று தன் குட்டிகளோடு எங்கள் கூடாரத்துக்கு அருகில் வந்து மோப்பம் பிடித்தது. அம்மா புளியோதரைப் பாத்திரத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காட்டுப்பன்றிகளுக்கு உணவு கொடுக்கவே கூடாது. ஒரு முறை ருசி கண்டுவிட்டால் அவை ஒவ்வொரு பயணியின் பையையும் தேடி வரும்.

இரவில் எங்களுக்கு அதிக வேலை இல்லை. கூடாரத்துக்குள் மின்சாரம் இல்லை. குடிநீரை நாங்களே கொண்டு போயிருந்தோம். எதிரே தெரிந்த சிங்கப்பூரின் விளக்குகளையும், சாங்கியில் வரிசையாக இறங்கும் விமானங்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனோம்.

விடிவதற்குச் சற்று முன்பு அம்மாவின் குரல் கேட்டது.

"தண்ணி இறங்குது. வத்தம் ஆரம்பிச்சிருச்சு."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிப் பாட்டி தெரியும்? இருட்டா இருக்கே!" என்றான்.

"சத்தத்தைக் கேளு. ராத்திரி காலடியிலே கேட்டுச்சு. இப்போ தள்ளிப் போயிருச்சு பாரு."

அவன் கைத்தொலைபேசியில் அட்டவணையைத் திறந்து பார்த்தான். மூன்று மணிக்கே நீர் உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு, "வத்தம்னா என்ன?" என்று கேட்டான்.

என் அம்மா, தமிழ்நாட்டில் முத்துப்பேட்டைக்கு அருகே உள்ள கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்தார். கடல்நீர் ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம். பேச்சில் அவை ஏத்தம், வத்தம் என்று ஆகிவிடும். பாடத்திட்டப் பணியில் பல ஆண்டுகளாகத் தமிழ்ச் சொற்களோடு பழகுபவள் நான். ஆயினும், என் அம்மாவின் வாயிலிருந்து 'வத்தம்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்தவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய தேவை எங்கே வந்தது?

காலையில் நாங்கள் மூவரும் மிதிவண்டியில் கிளம்பினோம். அம்மா, படகுத்துறைக்கு அருகில் நிற்கும் வாடகை வேனில் வந்தார். செக் ஜாவா வாயிலில் மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது, 1930களில் கட்டப்பட்ட ஆங்கிலேயப் பாணி வீடு. அதற்குள் குளிர்காய்வதற்குக் கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதன்முன் உட்கார்ந்து யார் குளிர்காய்ந்தார்களோ!

அங்கிருந்து தொடங்கும் நடைபாலம் இரு பிரிவுகளாக மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. ஒரு பிரிவு கடலின் மேலே செல்கிறது. மற்றொன்று சதுப்புநிலக் காட்டுக்குள் நுழைகிறது. கடலோரக் காடு, சதுப்புநிலம், மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் பரப்பு, பவளச் சிதறல் என ஆறு வகை வாழிடங்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் அமைந்துள்ளன. நாங்கள் போனபோது கடல் வெகுதூரம் விலகியிருந்தது. ஈர மணலில் பச்சைப் பாய் விரித்தாற்போல் கடற்புல் படிந்திருந்தது. உடலளவுக்குப் பெரிதான ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கிய நண்டுகளை எண்ண முயன்ற மகன், முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டான். சேற்றில் தாவித் தாவிச் சென்ற மீன்களைப் பார்த்த அம்மா, "எங்க ஊர்லேயும் இதுங்க உண்டு. ஆனா கடல் இவ்வளவு தூரம் உள்ளே போகாது" என்றார்.

சதுப்புநிலக் காட்டில், சேற்றைத் துளைத்துக்கொண்டு பென்சில்களைப் போல மேலே நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். அவை மரம் மூச்சுவிடுவதற்கான வேர்கள். முத்துப்பேட்டையிலும் இவ்வகை மரங்களே காடாக நிற்கின்றன. "அலையாத்தி" என்றார் அம்மா. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது என்பதால் அந்தப் பெயர். அதன் பொருளை விளக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை; வேர்களுக்கிடையே நீர் அடங்கிக் கிடந்ததை மகனே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கரை இன்று இல்லாமலே போயிருக்கலாம். 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு, இப்போது 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கடலைத் தூர்த்துத்தான் அவ்வளவு நிலம் பெற்றோம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அப்படி உருவான நிலத்தில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய பீச் ரோட்டில் கடற்கரை, பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீடும் துறைமுகமும் விமான நிலையமும் வேண்டும் என்றால் நிலமும் வேண்டும். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

செக் ஜாவாவையும் தூர்க்கத் திட்டம் இருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில், தாவரவியலாளர் ஜோசப் லாய் மாணவர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தார். இங்கே இவ்வளவு உயிரினங்கள் இருப்பதை அவர் பிறருக்குச் சொன்னார். ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் வந்து கணக்கெடுத்தார்கள், படம் எடுத்தார்கள், அரசாங்கத்துக்கு எழுதினார்கள். தூர்க்கப்படுவதற்குமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பணி தொடங்க இருந்த 2001 டிசம்பரில், தேசிய வளர்ச்சி அமைச்சு அதை ஒத்திவைத்தது. தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரையில் செக் ஜாவா இப்படியே இருக்கும் என்பதே முடிவு.

'கைவிட்டது' அன்று, 'ஒத்திவைத்தது'. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மகனிடம் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா இன்னும் முடிவாகலையா?" என்று கேட்டான்.

மனிதர் விட்டுவைத்தாலும் இயற்கை எப்போதும் விட்டுவைப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூரில் பெய்த கனமழையால் நன்னீர் பெருகி வந்து இந்தக் கடலில் கலந்தது. உப்புத்தன்மை குறைந்ததால் நட்சத்திர மீன்களும் கடற்பஞ்சுகளும் ஏராளமாக மடிந்தன. அதே ஆண்டு ஜூலையில் நடைபாலம் திறக்கப்பட்டது. உயிரினங்கள் பிறகு மெல்ல மெல்லத் திரும்பின. நடைபாலத்தைவிட்டு இறங்கி மணலில் நடக்க நம்மை அனுமதிப்பதில்லை என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கடற்புல்லின் மேல் ஆயிரம் பேர் நடந்தால் அங்கே பார்க்க என்ன இருக்கும்?

20 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரத்தில் அம்மாவால் ஏற இயலவில்லை. கீழே அமர்ந்திருந்த அவருக்குத்தான் இருவாச்சிப் பறவையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சிங்கப்பூரைவிட்டு நெடுங்காலத்துக்கு முன்பு மறைந்துபோன அந்தப் பறவை, 1990களில் உபினில்தான் மீண்டும் தென்பட்டது. நாங்கள் கோபுரத்திலிருந்து மூச்சிரைக்க இறங்கி வருவதற்குள் அது பறந்துவிட்டது.

பின்னர் நீர் திரும்பி வரத் தொடங்கியது. முதலில் மணலில் சிறு கோடாகத் தெரிந்தது, பிறகு நண்டுகளின் வளைகளை ஒவ்வொன்றாக மூடியது. "ஏத்தம்" என்றான் மகன், அம்மாவை முந்திக்கொண்டு.

படகுத்துறையில் மறுபடியும் பன்னிரண்டு பேருக்காகக் காத்திருந்தோம். ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அம்மா டிசம்பர் விடுமுறையிலும் வரலாம் என்றார். மகன் கைத்தொலைபேசியில் டிசம்பர் மாத அட்டவணையைத் தேடிப் பிடித்தான்.

"டிசம்பர்ல வத்தம் சாயங்காலம்தான் பாட்டி. ஆறு மணிக்கு வாயிலை மூடிடுவாங்க. அதுக்குள்ள வர்ற நாளா ஒண்ணு பார்க்கணும்."

"பாரு" என்று சொல்லிவிட்டு, அம்மா காலியான புளியோதரைப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்தார்.