கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிடாதே

தலைவலிக் கணக்கெடுப்புப் பயிற்சிக்காக அல்சூர் ஜோகுபாளையத்துச் சந்துகளுக்குள் நுழைந்தபோது, கேள்வித்தாளுக்கு முன்னால் நான் படித்த பாடம், யாரைக் கேட்பது என்பதுதான். "கதவைத் திறந்தவங்ககிட்டயே கேட்டுடாதே" என்றார் எங்களைப் பழக்கிய அக்கா. பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மைக்ரேனும் பெண்களுக்குத்தான் அதிகம். அவர்களை மட்டும் கேட்டால் ஊர்க்கணக்கு ஊதிப்போகும். அதனால் வீட்டிலுள்ள 18 முதல் 65 வயது வரையான எல்லாரையும் எழுதிக்கொண்டு, குலுக்கலில் ஒருவரை எடுக்க வேண்டும். அவர் வேலைக்குப் போயிருந்தால் இரவில் மறுபடி படியேற வேண்டும்.

ஒரு வீட்டில் சீட்டு மூத்த மகனுக்கு விழுந்தது. அம்மா விடவில்லை: "அவனுக்கு ஜலதோஷம்கூட வராதும்மா. தலைவலின்னா எங்க மருமகதான், அவளைக் கேளு." மருமகளும் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அக்கா அவரிடம் பரிவாகப் பேசி, டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மகன் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வலியே வராதவரின் 'இல்லை'யும் பதிவானால்தானே நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்ல முடியும்!

கேட்பதற்கும் பழக வேண்டியிருந்தது. "விண்விண்ணுன்னு தெறிக்குதா?" என்று மட்டும் கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். தெறிக்கிறதா, அழுத்திப் பிடிக்கிறதா என்று இரண்டையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். எத்தனை மணி நேரம், ஒரு பக்கமா, படியேறினால் கூடுமா, குமட்டுமா, வெளிச்சமும் சத்தமும் ஆகாதா என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். போன வருஷத்து வலி மறந்துபோகும் என்பதால் "நேத்து தலைவலிச்சதா?" என்றும் ஒரு கேள்வி உண்டு. மாத்திரைக் கேள்வியை அவசரப்படுத்தவே கூடாது. தலைவலிக்காரர்கள் சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே வலியை வளர்க்கும்.

2009-10இல் பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இப்படித்தான் வீடு வீடாகப் போய் 2,329 பேரைக் கேட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 63.9 சதவீதம், மைக்ரேன் மட்டும் நாலில் ஒருவருக்கு. தேர்ந்தெடுத்தவர்களில் 92.6 சதவீதம் பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மற்ற எண்களைவிட இதன்மேல்தான் மரியாதை. பூட்டிய கதவுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் அது வந்திருக்காது.

உங்கள் வீட்டுக் குலுக்கலில் உங்கள் பெயர் வந்தால், தலைவலியே இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.