நனைந்தால் தெரியும் நிறம்

மைசூர் சயாஜிராவ் சாலையில் உள்ள அந்த நூல் கடையில் பெரியவர் தலை தெரிந்ததும் கடைப்பையன் உள்ளே நழுவிவிடுவான். முதலாளியேதான் எழுந்து வரவேண்டும். பெரியவர் ரீலை வாங்கி ஒரு முழம் இழுத்து, இரண்டு கையாலும் சுண்டிப் பார்ப்பார். அறுந்தால் பேசாமல் வைத்துவிடுவார். அறாவிட்டால் நுனியை நாக்கில் நனைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "ருசி பார்க்கிற சரக்கு இல்லை சார்" என்று முதலாளி ஒருமுறை சொல்லியே விட்டார்.

வயது 76. சொந்த ஊர் கும்பகோணம். எழுபதுகளில் வங்கி வேலையாக ஊட்டியில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனை வளர்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள். ட்ரவுட்டை மண்புழு போட்டுப் பிடிப்பதை அந்தக் கூட்டம் மரியாதைக் குறைவாக நினைத்தது. நெல்மணி அளவு முள்ளில் பட்டு நூலும் சேவல் இறகும் சுற்றிய பொய் ஈ ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். மீன் நிஜமென்று நம்பி எழும்ப வேண்டும். இன்று முழங்கால் வலியோடு சரஸ்வதிபுரம் வீட்டில் இருக்கும் பெரியவர், தூண்டில் போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் பேரன் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் நதிக்குப் போகிறான். வருடா வருடம் அவனுக்கு ஒரு டஜன் ஈக்கள் கட்டித் தருவது தாத்தாவின் பொறுப்பு.

இந்த வருடம் கை வைத்ததுமே நூல் பொடிந்தது. ஊட்டியிலிருந்து கொண்டுவந்த கடைசி இங்கிலீஷ் பட்டு ரீல். பட்டு அப்படித்தான், வெயிலும் வயதும் சேர்ந்தால் ஒருநாள் சொல்லாமல் கைவிட்டுவிடும். நைலானும் பாலியஸ்டரும் மக்காது, அறாது. ஆனால் அவை நனைந்தாலும் முகம் மாறாது என்பது பெரியவரின் புகார். பட்டு தண்ணீர் பட்டதும் பாதி கண்ணாடியாகிவிடும். உலர்ந்தபோது மாம்பழ மஞ்சளாக இருந்தது மெழுகும் ஈரமும் பட்டால் பாசிப் பச்சைக்கு இறங்கும். அடியில் இருக்கும் இரும்பின் கருமையும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் நாக்கு. (ட்ரவுட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்டால் பெரியவர் பதில் சொல்வதில்லை.)

பட்டுக்குப் பேர்போன ஊரில் பட்டு நூலுக்குப் பஞ்சமா? நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1912-ல் தொடங்கிய நெசவாலை இன்றும் ஓடுகிறது. கபினியும் காவிரியும் கூடும் டி.நரசிபுராவில் கூட்டிலிருந்து நூலெடுக்கும் ஆலை இருக்கிறது. அதே கபினியில்தான் 1946-ல் மைசூர்க்காரரான டி வெட் வான் இங்கன் 120 பவுண்டு எடையுள்ள மகசீர் கெண்டையைத் தூண்டிலில் இழுத்துப் போட்டார். பட்டும் மீனும் ஒரே தண்ணீர்க்கரையில். ஆனாலும் பெரியவருக்கு வேண்டிய நூல் கடையில் இல்லை.

சிக்கல் முறுக்கில். மைசூர்ப் பட்டு கிரேப் ரகம். அதன் ஊடை நூலைக் கடுமையாக முறுக்குவார்கள். நெய்தபின் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் செரிசின் என்ற பசை கழன்று, பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். முறுக்கு சுருங்கித் துணி குழைந்து விழும். புடவைக்கு அது அழகு, ஈக்கு ஆகாது. முறுக்கேறிய நூல் முள்ளில் படியாமல் புடைத்து நிற்கும். தட்டையாகப் படுக்கிற நூல் வேண்டும். பாவு நூல் அப்படிப்பட்டது, அதில் முறுக்கு சொற்பம். ஆனால் பசை நீங்கிய பாவு நூலை யார் தனியாக விற்பார்கள்? அது புடவைக்குள் இருக்கிறது.

பீரோவில் ஒரு புடவை இருந்தது. 1981-ல் மனைவிக்கு வாங்கியது. மஞ்சள் உடல், அரக்கு பார்டர். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. மடிப்பு வாக்கில் முந்தானை கிழிந்து, யாரும் உடுத்தாமல் கிடந்தது.

"அம்மா புடவையை மீன் பிடிக்கவாப்பா வெட்டப் போறீங்க?" என்றார் மகள்.

"வெட்டலைம்மா. கிழிஞ்ச இடத்துல நாலு இழை உருவறேன்."

"நாலுதான்னு ஆரம்பிப்பீங்க."

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் பெரியவர் லென்ஸை மாட்டிக்கொண்டு முந்தானையோடு உட்கார்ந்தார். இழை கண்ணுக்கு அகப்படவில்லை. தலைமுடியைவிட மெல்லியது அது. விரல் நடுங்கியது, எடுத்தது எல்லாம் ஊடையாகவே வந்தது. ஒருமணி நேரம் வாசற்படியில் நின்று பார்த்த மகள், கடைசியில் அவர் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் உருவ உருவ, பெரியவர் மும்மூன்று இழையாகச் சேர்த்துத் தேன்மெழுகில் இழுத்தார். சுண்டினார். அறவில்லை. நனைத்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் பச்சை சரியாக இறங்கியது. விலாவுக்குப் பார்டரிலிருந்து ஒரு ஜரிகை. அதையும் மகள்தான் எடுத்தார், கேட்காமலே.

பன்னிரண்டு ஈக்கள் கூரியரில் போயின. என்ன நூல் என்று பேரனுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "சூப்பர் தாத்தா! ரெண்டு ப்ரவுன் ட்ரவுட். ஆனா மூணு ஈ கரைப் புதர்ல மாட்டிப் போச்சு. இன்னும் ஆறு அனுப்புங்களேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியவர் மகளைப் பார்த்தார். மகள் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.