மெல்லப் பேசவும் பலம் வேண்டும்

1940-களின் தொடக்கம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வெஸ் மான்ட்கோமரி என்ற இளைஞர் ஒரு எலெக்ட்ரிக் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினார். அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற ஜாஸ் கிடார் கலைஞரின் இசைத்தட்டைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பகலெல்லாம் வேலை. ராத்திரி வீடு திரும்பியதும், இசைத்தட்டில் கேட்டதை ஒவ்வொரு ஸ்வரமாகப் பிடித்து வாசித்துப் பார்ப்பார்.

அக்கம்பக்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புகார் வந்தது. வெஸ் கிடாரை விற்கவில்லை, சண்டைக்கும் போகவில்லை. தந்தியை மீட்டும் 'பிக்' என்ற சின்னத் தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்ட ஆரம்பித்தார். சத்தம் குறைந்தது. கூடவே தொனியும் மாறியது. கூர்மை போய், வெல்வெட் துணியைத் தடவுவது போன்ற ஒரு மென்மை வந்தது. பின்னாளில் உலகமே கொண்டாடிய அந்தக் கட்டைவிரல் வாசிப்பு இப்படித்தான் பிறந்தது என்று வெஸ்ஸே சொல்லியிருக்கிறார்.

ஜாஸ் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் தேடுகிற எல்லோருக்கும் இன்றைக்கும் இதே பிரச்னைதான். தொனி இனிமையாக இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் தூங்க வேண்டும்.

குழம்பில் காய் தெரிய வேண்டும்

ராக் இசைக்காரருக்கு ஆம்ப்ளிஃபயர் கொஞ்சம் கரகரத்தால்தான் சந்தோஷம். ஜாஸ்காரருக்கு அந்தக் கரகரப்பு ஆகாது. காரணம், அவர் வாசிக்கும் கார்டுகள். ஒரு கார்டில் நான்கைந்து ஸ்வரங்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் திணறினால் அவை ஒன்றோடொன்று மோதி, மூலத்தில் இல்லாத புதுச் சத்தங்களைக் கிளப்பிவிடும். நல்ல குழம்பில் காய் தனித்தனியாகத் தெரிய வேண்டும் இல்லையா? மசிந்து கூழானால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இந்தச் சுத்தமான தொனிக்குப் பலரும் தேடிப் போவது வால்வு ஆம்ப்ளிஃபயர். அமெரிக்கர்கள் 'டியூப்' என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கால வால்வு ரேடியோவின் குமிழைத் திருகினால் உடனே பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்து, சூடேறிய பிறகுதான் இலங்கை வானொலி பேசத் தொடங்கும். அதே வகைக் கண்ணாடிக் குழாய்கள்தான் கிடார் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கின்றன.

வால்வுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன் எல்லையை நெருங்கும்போது ஒலியைக் கத்தியால் வெட்டியது போல வெட்டாது. முனையை மெல்ல மழுக்கும். தந்தியைச் சுண்டும் அந்த முதல் நொடியின் கூர்மை இதனால் உருண்டையாகிறது. அதற்காக டிரான்சிஸ்டர் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஜோ பாஸ் என்ற மேதை பாலிடோன் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில்தான் நெடுங்காலம் வாசித்தார். 1975-ல் வந்த ரோலண்ட் ஜே.சி.-120 சுத்தமான தொனிக்கே பெயர் பெற்றது. வால்வு ஒரு ருசி. அந்த ருசி பிடித்தவர்கள்தான் அதன் எடையையும் சூட்டையும் சகித்துக்கொள்கிறார்கள்.

வாட் கணக்கில் ஒரு வேடிக்கை

கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். வாட் கூடினால் சத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால், நினைக்கும் அளவுக்குக் கூடாது. சக்தியை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். கொஞ்சம் கூடியிருப்பதாகக் காதுக்குத் தெரியும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும்.

அப்படியானால் கூடுதல் வாட் எதற்கு? கையிருப்புக்கு. தந்தியைச் சுண்டும் கணத்தில் எழும் அலை, அதற்குப் பிறகு நீடிக்கும் ஒலியைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கணத்தைத் தாங்கப் பலம் மிச்சம் இருக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 100 சி.சி. பைக்கில் இரண்டு பேர் ஏறினால் இன்ஜின் அலறுகிறது. அதே பாதையில் பெரிய கார் சத்தமே இல்லாமல் ஏறுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் போகின்றன. ஆனால், ஒன்று தன் முழுப் பலத்தையும் செலவழிக்கிறது. இன்னொன்று பாதிகூடச் செலவழிக்கவில்லை. மென்மையாக ஒலிக்கும் ஜாஸ் கிடாருக்குப் பின்னாலும் இப்படிச் செலவழிக்காத பலம் இருக்கிறது.

1960-களில் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் இதற்கு நல்ல உதாரணம். இன்றும் இவை விற்பனையில் உள்ளன. பிரின்ஸ்டன் ரிவெர்ப் 12 முதல் 15 வாட், 10 அங்குல ஸ்பீக்கர். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். ட்வின் ரிவெர்ப் 85 வாட், 12 அங்குலத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். முதல் இரண்டிலும் 6வி6 என்ற சிறிய வால்வுகள் இரண்டு. ட்வினில் 6எல்6 என்ற பெரிய வால்வுகள் நான்கு. இவற்றை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது என்பது தனி ஆச்சர்யம்!

ட்வினில் சத்தத்தை நன்றாக ஏற்றினாலும் சுத்தம் எளிதில் கெடாது. ஆனால் எடை? சுமார் 29 கிலோ. மாடிப்படி ஏறும் முதுகுக்குத்தான் அந்த அருமை தெரியும். டீலக்ஸ் சுமார் 19 கிலோ, பிரின்ஸ்டன் சுமார் 15 கிலோ. வீட்டில் வாசிப்பவருக்குப் பிரின்ஸ்டன் தாராளம். டிரம்ஸ் மெல்ல ஒலிக்கும் சிறிய கச்சேரி என்றால் டீலக்ஸ் போதும். பெரிய குழுவோடு மேடை ஏறுகிறவருக்குத்தான் ட்வின் தேவைப்படும். 22 வாட்டிலிருந்து 85 வாட்டுக்குப் போனால் சக்தி நான்கு மடங்கு. காதுக்கு அது சுமார் ஒன்றரை மடங்குதான்.

ஸ்பீக்கரை யாரும் கேட்பதில்லை

ஆம்ப்ளிஃபயருக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறவர், ஸ்பீக்கரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. ஆனால் காதுக்கு வந்து சேர்வது ஸ்பீக்கரின் குரல்தானே!

ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதை ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் போட்டிருப்பார்கள். ஒன்று 97, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளலாம். 3 டெசிபல் வித்தியாசம் என்பது ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். அதாவது, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினாலே 22 வாட் ஆம்ப்ளிஃபயர் 44 வாட் போல ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரை வருத்தாமல் அதே சத்தம் கிடைப்பதால் தொனியும் சுத்தமாக இருக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் எத்தனை வாட் தாங்கும்? 22 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு 25 வாட் தாங்கும் ஸ்பீக்கரைப் போட்டால், பலமாக மீட்டும்போது அதன் காகிதக் கூம்பே நெளிந்து தன் பங்குக்குக் கரகரக்கும். ராக்கில் அது விருந்து, ஜாஸில் தொல்லை. ஆம்ப்ளிஃபயரைவிடப் பல மடங்கு தாங்கும் ஸ்பீக்கர்தான் சுத்தமான தொனிக்குத் தோது. அந்தக் காலத்து ஜே.பி.எல். டி120எஃப், பிறகு வந்த எலக்ட்ரோ-வாய்ஸ் ஈ.வி.எம். 12எல் ஆகியவை இதற்காகவே பெயர் வாங்கின. இரண்டுமே கனமானவை. நியோடிமியம் காந்தம் வைத்த இன்றைய ஸ்பீக்கர்கள் அந்தக் கனத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன.

பெட்டியின் முதுகையும் கவனிக்க வேண்டும். பின்பக்கம் திறந்திருந்தால் ஒலி அறை முழுக்கப் பரவும். மூடியிருந்தால் அடித்தொனி இறுக்கமாக, முன்னோக்கி வரும். சின்ன அறையில், சுவரோரம் வைத்த மூடிய பெட்டி சில சமயம் 'தொம் தொம்' என்று அதிரும்.

குறைத்து வாசித்த மனிதர்

ஜிம் ஹால் என்ற கலைஞரிடம் கிப்ஸன் ஜி.ஏ.-50 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. அதில் 12 அங்குல ஸ்பீக்கரும் 8 அங்குல ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சக்தி அதிகமில்லை. ஆனால், ஜிம் ஹால் அதைக் கத்தவிட்டதே இல்லை. சாக்ஸஃபோன் மேதை ஸோனி ராலின்ஸ் 1962-ல் வெளியிட்ட 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தில் பியானோவே கிடையாது. பியானோ இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ஜிம் ஹாலின் கிடார். ராலின்ஸின் கம்பீரமான சாக்ஸஃபோனுக்கு எதிரே, அந்தக் கிடார் போட்டி போடாமல் பக்கத்தில் நின்று பேசுகிறது.

கையிருப்பை வாங்க இரண்டு வழி உண்டு. பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் காசு கொடுப்பது ஒன்று. சின்ன ஆம்ப்ளிஃபயரில் குரலைத் தாழ்த்திக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதற்குச் செலவில்லை, பொறுமைதான் வேண்டும்.

ஜாஸ் கலைஞர்கள் விரும்பும், உள்ளே கூடான கிடார்களுக்கும் இந்த அடக்கம்தான் நல்லது. ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால் ஸ்பீக்கரின் அதிர்வு கிடாரின் வயிற்றில் புகுந்து, கல்யாண மண்டப மைக் போல ஊளையிட ஆரம்பித்துவிடும்.

காசைக் கொடுக்கும் முன்

கடைக்குத் தன் சொந்தக் கிடாரோடு போவது நல்லது. ஃபெண்டர் வகை ஆம்ப்ளிஃபயர்கள் இயல்பிலேயே நடு ஸ்தாயியைக் குறைத்து ஒலிப்பவை. அதனால் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் இறக்கி, 'மிட்' குமிழ் இருந்தால் அதை ஏற்றிக் கேட்க வேண்டும். 'பிரைட்' ஸ்விட்ச் இருந்தால் அணைத்துவிடலாம். அப்படியும் சீக்கிரமே கரகரத்தால், முதல் வால்வான 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு, ஒலியைக் குறைவாகப் பெருக்கும் 5751 அல்லது 12ஏஒய்7 வால்வை டெக்னீஷியனைக் கொண்டு போட்டுப் பார்க்கலாம். செலவு குறைவு, பலன் அதிகம்.

அமெரிக்காவிலிருந்து நேரடியாக வாங்கி வரும் ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். ஸ்பீக்கரின் 'ஓம்' எண்ணும், ஆம்ப்ளிஃபயர் கேட்கும் எண்ணும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரில் வாசிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு சோதனை. வீட்டில் வைக்கப்போகும் அதே சத்தத்தில், நான்கு ஸ்வரம் கொண்ட கார்டு ஒன்றை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒலி தேய்ந்து அடங்கும்வரை நான்கு ஸ்வரங்களும் தனித்தனியாகக் காதில் விழுகின்றனவா? பிறகு அதே கார்டைக் கொஞ்சம் பலமாக மீட்ட வேண்டும். கரகரக்காமல் நிற்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அதுதான் அவருக்கான ஆம்ப்ளிஃபயர். அது 15 வாட்டாக இருந்தாலும் சரி, 85 வாட்டாக இருந்தாலும் சரி.